அவுட்ஃபீட் டேபிள் போடுறது எப்படி: ராமநாதபுரம் கடலோரத்துல வீட்டுப் பட்டறை வச்சிருக்கவங்களுக்கு

எட்டடிப் பலகையை டேபிள் சா மெஷின்ல (நடுவுல பிளேடு நீட்டிக்கிட்டு நிக்குற அறுப்பு மேசை) தள்ளுறப்ப பின்னாடி யாரையாவது நிக்க வச்சு பிடிக்கச் சொல்றீங்களா? இன்னைக்கே நிறுத்திடுங்க. நானும் அப்படித்தான் என் மச்சினனை நிக்க வச்சேன். அவன் நல்லெண்ணத்துல பலகையை லேசா தன் பக்கம் இழுத்தான், இழுத்ததுல பலகை கோணி பிளேடோட பின்பக்கப் பல்லுல மாட்டி அப்படியே திரும்பி வந்து என் இடுப்புல அடிச்சுது. பத்து நாள் நிமிர்ந்து நடக்க முடியல. பிளேடுக்குப் பின்னாடி நிக்குற ரிவிங் நைஃப் தகட்டை அன்னைக்கு கழட்டி வச்சிருந்தேன், அதுவும் என் தப்புதான். அதைக் கழட்டவே கழட்டாதீங்க.

பின்னாடி ஆள் நிக்க வேண்டிய இடத்துல ஒரு மேசை நிக்கணும், அதான் அவுட்ஃபீட் டேபிள். மேசை இழுக்காது, அசையாது, பலகை தானா வழுக்கிப் போய் அதுமேல படுத்துக்கும். நான் உச்சிப்புளி பக்கத்துல இருக்கேன், கடல் எங்க வீட்டுக்கு ரொம்ப தூரம் இல்ல. நான் போட்ட முதல் மேசை ஒரு வாடைக்காலத்தைக் கூட தாங்கல. ரெண்டாவது தடவை போட்டதுதான் இப்ப நிக்குது. அந்த ரெண்டு தடவையும் சேர்த்து எனக்குப் புரிஞ்சதை கீழ எழுதிருக்கேன்.

1. எந்த மாசத்துல ஆரம்பிக்கிறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

இதை யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா நம்ம பக்கம் இதுதான் பாதி வேலை. ஐப்பசி கார்த்திகையில மரம் வாங்காதீங்க, மைக்கா ஒட்டாதீங்க. காத்துல ஈரம் அம்புட்டு இருக்கும், மரவாடியில அடுக்கி வச்ச கட்டையெல்லாம் ஊறிப்போய் கிடக்கும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்ப விசைப்படகு எல்லாம் கரையேத்தி பழுது பாப்பாங்க, மண்டபம் ராமேஸ்வரம் பக்கம் மர வேலை தெரிஞ்ச ஆசாரிங்க முக்காவாசிப் பேரு படகுலதான் இருப்பாங்க. "அண்ணே ஒரு நாள் வந்து காலு மட்டும் இணைச்சுக் குடுங்க"ன்னு நான் ஒரு ஆசாரிகிட்ட சித்திரையில போய் நின்னேன், "தம்பி, படகு இறங்குற வரைக்கும் என்னைத் தேடாதே"ன்னுட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கு அதுதான் சம்பாத்தியக் காலம். அந்த சமயத்துல துருப்பிடிக்காத போல்ட்டும் கடைகள்ல சீக்கிரம் தீர்ந்துபோகுது.

அது முடிஞ்சதும் கச்சான் காத்து, அதான் தென்மேற்குல இருந்து அடிக்கிறது. மண்ணை அள்ளி வீசும், பசை தடவி வச்ச பலகைமேல மணல் வந்து உக்காந்துக்கும். ஷெட் நல்லா அடைப்பா இருந்தா பரவால்ல, இல்லாட்டி வேண்டாம்.

ஆக தை பொறந்ததுல இருந்து பங்குனி வரைக்கும்தான் நமக்கு வாகான நேரம். எனக்கு மொத்தம் 23 நாள் ஆச்சு, அதுல கையால வேலை பார்த்தது நாலு நாள்தான், மீதியெல்லாம் மரம் காயறதுக்கும் பசை இறுகுறதுக்கும் காத்திருந்த நாள்.

2. உங்க மெஷினை அளங்க, படத்தை அளக்காதீங்க

வீடியோவுல பார்த்த அளவை அப்படியே எழுதிக்கிட்டு மரம் வெட்டுனதுதான் என்னோட முதல் தோல்வி. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒயரம் வேற, பின்பக்க அமைப்பு வேற. மெஷினை எந்த இடத்துல நிரந்தரமா வைக்கப் போறீங்களோ அங்க வச்சு, இந்த நாலு அளவை எடுத்துக்கோங்க.

ஒயரம்: தரையில இருந்து மெஷின் மேல்தளம் வரைக்கும். என்னோடது 34 இன்ச். நாலு மூலையிலயும் எடுங்க, தரை சரிவா இருந்தா அங்கேயே தெரிஞ்சிடும்.

நீளம்: இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. எட்டடிப் பலகையோட வால் பிளேடைத் தாண்டுற நேரத்துல அதோட நடுப்புள்ளி பிளேடுல இருந்து நாலடி தள்ளி இருக்கும். அந்த நடுப்புள்ளி மேசைமேல இருந்தாத்தான் பலகை கவுந்து கீழ போகாது. அதனால பிளேடோட பின்முனையில இருந்து மேசையோட கடைசி ஓரம் வரைக்கும் 48 இன்ச்சுக்கு மேல வேணும். என் மெஷின்ல பிளேடுக்குப் பின்னாடி 9 இன்ச் தளம், அப்புறம் 1 இன்ச் இடைவெளி, மேசை 42 இன்ச், கூட்டுனா 52. நாலு இன்ச் கையிருப்பு. என் முதல் மேசை 30 இன்ச்தான், பலகை கடைசி நேரத்துல தூக்கிக்கிட்டு வந்துச்சு, நான் அதை அமுக்க பிளேடுக்கு மேல கையை நீட்டுனேன். அந்தப் பழக்கம்தான் விரலை வாங்குறது.

பின்பக்கம்: தூசி வெளிய வர்ற குழாய் எங்க இருக்கு, பலகையை நேரா ஓட வைக்கிற ஃபென்ஸ் பட்டை பின்னாடி எங்க கவ்வுது, வயர் எங்க வருது, எல்லாத்தையும் குறிச்சுக்கோங்க. நான் குறுக்குச்சட்டத்தை நேரா தூசிக் குழாய்க்கு எதிர்ல வச்சுட்டு அப்புறம் ஹோஸ் மாட்ட இடமில்லாம சட்டத்தை அறுத்து எடுத்தேன். முன்பக்கச் சட்டத்தை 8 இன்ச் உள்ள தள்ளி வைங்க, பிரச்சினை வராது.

காடி: குறுக்கா அறுக்குறப்ப பலகையைப் பிடிச்சுத் தள்ளுற மைட்டர் கேஜ் ஓடுற ரெண்டு நீளப் பள்ளம்தான் காடி, அது ரெண்டும் மேசையிலயும் தொடரணும். அது தனி வேலை, 6ல சொல்றேன்.

ஒண்ணு முக்கியம். மேசையை மெஷின்ல போல்ட் போட்டு மாட்டலாம்னு தோணும். தூக்கி வைக்கிற சின்ன 10 இன்ச் மெஷின்னா வேண்டாம், பலகை பாரம் பின்னாடி ஏறுனா மெஷினே முன்னங்கால் தூக்கும். தனியா நாலு காலுல நிக்குற மேசைதான் நல்லது. அதோட மெஷின் உடம்புல ஓட்டை போட்டா வாரண்டிக்கும் சிக்கல் வரலாம், கார்டை ஒருதடவை வாசிச்சிடுங்க.

3. மரமும் பிளைவுட்டும்: இங்கதான் காசு வீணாகும்

மேல்பலகைக்கு 18 மி.மீ. மரைன் பிளை ஒரு ஷீட் போதும். ஷீட்டு 8 அடிக்கு 4 அடி. அதுல 42 இன்ச் நீளத்துக்கு மேல்பலகை எடுத்தா அகலம் 48 இன்ச் அப்படியே கிடைக்கும், மீதி 54 இன்ச் துண்டுல கீழ்த்தட்டும் மூலைக்கு முட்டுக்கட்டையும் வந்துடும்.

"மரைன்"னு கடைக்காரர் வாயால சொன்னா போதாது. ஷீட்டுமேலயே ஐ.எஸ். 710னு முத்திரையும் ஐ.எஸ்.ஐ. குறியும் அதுக்குக் கீழ சி.எம்./எல்.னு ஆரம்பிக்கிற லைசென்ஸ் நம்பரும் இருக்கணும். ஐ.எஸ். 303னு போட்டிருந்தா அது சாதாரண வீட்டு உபயோகத்துக்கு, மரைன் இல்ல. பி.ஐ.எஸ். கேர்னு ஒரு ஆப் இருக்கு, லைசென்ஸ் நம்பரை அதுல போட்டா எந்தக் கம்பெனிக்குக் குடுத்ததுன்னு வந்துடும், கடையில நின்னுக்கிட்டே பாருங்க. நான் முதல் தடவை விலை கம்மின்னு சாதாரண பிளை வாங்கி, ஒரு வாடையில ஓரம் பூரிச்சு அடுக்கு பிரிஞ்சு, மைக்கா தனியா வந்துடுச்சு. அதுல போனது 4,600 ரூபாய்.

காலுக்கும் சட்டத்துக்கும் நான் போட்டது வேம்பு. காலு 3க்கு 3 இன்ச், சட்டம் 3க்கு ஒண்ணரை. மொத்தம் 2¼ கன அடி வாங்குனேன், சேதாரம் சேர்த்து. மத்த மரத்தைப் பத்தியும் கேப்பீங்க:

பனை: பழைய வீடு பிரிச்ச பனஞ்சட்டம் நம்ம ஊர்ல கிடைக்கும், வெளிவைரம் கல்லு மாதிரி இருக்கும். ஆனா நாரு நாரா இருக்கும், சிராய் கைல ஏறுனா சாமானியமா வெளிய வராது, உள்ள வேற மெத்துன்னு இருக்குறதால ஸ்க்ரூ பிடிக்காது. வேண்டாம். உசுரோட நிக்குற பனையைத் தொடவே தொடாதீங்க, பனை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே அறிவிச்சாச்சு.

சீமைக்கருவேலம்: சும்மாவே கிடைக்குதேன்னு ஆசை வரும். வைரமான மரம்தான், ஆனா மூணடிக்கு நேரான கட்டை கிடைக்கிறது பெரும்பாடு.

படகு பிரிச்ச பலகை: இதுதான் பெரிய பொறி. வல்லம் பிரிச்சா பலகை மலிவா வரும், பார்க்கவும் அழகா இருக்கும். ஆனா வருஷக்கணக்கா கடல்தண்ணி குடிச்ச மரம், அதுக்குள்ள இருக்குற உப்பு காத்துல உள்ள ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், அதுல போட்ட ஸ்க்ரூ எல்லாம் அரிச்சுப் போகும். போதாததுக்கு உள்ள ஒடைஞ்ச ஆணி ஒளிஞ்சிருக்கும், பிளேடு பல்லு போயிடும். காட்சிக்கு ஏதாவது செய்யுங்க, மேசைக்கு வேண்டாம்.

மரம் காஞ்சுதான்னு பார்க்க மீட்டர் வாங்கணும்னு இல்ல. ஒரு துண்டை மளிகைக்கடைத் தராசுல நிறுத்து அது மேலேயே எழுதி வைங்க, மூணு நாளைக்கு ஒருதடவை நிறுங்க, எடை குறையறது நின்னா மரம் தயார். என்னோடதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு. தரையில போடாம நடுவுல ரீப்பர் (மெல்லிசான மரப்பட்டை) குடுத்து காத்துப் போற மாதிரி அடுக்கணும், நிழல்ல.

4. கையில வச்சிருக்க வேண்டிய தாளுங்க

ஒரு மேசைக்கு என்ன தாளுன்னு நினைக்காதீங்க.

பிளைவுட்டுக்கு ஜி.எஸ்.டி. பில், அதுல கம்பெனி பேரு, 18 மி.மீ., ஐ.எஸ். 710னு எழுதி வாங்குங்க. வெறும் "பிளை 1"னு எழுதுன துண்டுச்சீட்டை வச்சுக்கிட்டு நான் அடுக்கு பிரிஞ்ச ஷீட்டைத் தூக்கிட்டுப் போனேன், கடையில எதையும் ஒத்துக்கல. பில்லு மை மூணு மாசத்துல மங்கிடும், போட்டோ எடுத்து வைங்க.

மரத்துக்கு மரவாடி பில், மரத்தோட பேரும் கன அடியும் போட்டு. குட்டி யானையில ஏத்திட்டு வர்றப்ப அது டிரைவர் கையில இருக்கணும், வழியில யாரு நிறுத்திக் கேட்டாலும் காட்டலாம். சொந்தத் தோட்டத்து மரத்தை வெட்டி எடுத்துட்டு வர்றதா இருந்தா, வெட்டுறதுக்கு முன்னாடியே வி.ஏ.ஓ.கிட்டயும் வனத்துறை ஆபீஸ்லயும் கேட்டுடுங்க, வெட்டுன பிறகு கேக்குறது தலைவலி.

கரண்டு: வீட்டு இணைப்புல சொந்த உபயோகத்துக்கு மெஷின் ஓட்டுறது வேற, செஞ்சு விக்க ஆரம்பிச்சா கட்டண வகையே வேற. விக்கிற எண்ணம் இருந்தா ஈ.பி. ஆபீஸ்ல முன்கூட்டியே பேசிடுங்க.

5. சட்டம் கூட்டுறது

பிளைவுட் ஷீட்டை உங்க மெஷின்லயே அறுக்க முயற்சி பண்ணாதீங்க, பின்னாடி மேசை இல்லாமத்தானே மேசை செய்யுறீங்க. கடையிலேயே அறுத்துத் தருவாங்க, எனக்கு 200 ரூபாய் ஆச்சு. இல்லாட்டி தரையில ரீப்பர் பரப்பி அதுமேல ஷீட்டைப் போட்டு, கையில பிடிச்சு ஓட்டுற ரம்ப மெஷின்ல நேர்க்கட்டை பிடிச்சு அறுங்க.

நேர்க்கட்டைக்கு கொத்தனாருங்க வச்சிருக்குற ஆறடி அலுமினியப் பட்டையே போதும். அது நேரா இருக்கான்னு பார்த்துக்கோங்க: ஓரத்தைப் பிடிச்சு ஒரு கோடு, அப்படியே புரட்டிப் போட்டு அதே இடத்துல இன்னொரு கோடு, ரெண்டும் ஒண்ணாப் போனா நேர்.

மேல்சட்டம் நாலு பக்கமும் நடுவுல ஒண்ணும். கீழ தரையில இருந்து 8 இன்ச் ஒயரத்துல சுத்தி இன்னொரு சட்டம், அதுமேல தட்டு. தட்டுல மரத்துண்டு, டப்பா எல்லாம் அடுக்கினா பாரம் ஏறி மேசை அசையாது. கூட்டுறப்ப மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் அளங்க, ரெண்டும் ஒரே அளவு வரணும், மூலமட்டத்தை மட்டும் நம்பாதீங்க.

ஸ்க்ரூ விஷயத்துல சிக்கனம் பிடிக்கவே கூடாது. மஞ்சள் முலாம் ஸ்க்ரூ நம்ம காத்துக்கு ஒரு வருஷம், அதுக்கப்புறம் தலையைத் திருப்புனா ஒடையும். துருப்பிடிக்காத ஸ்டீல்ல 304ங்கிற ரகம் வாங்குங்க, ஷெட்டுக்குள்ள அது போதும், கூரை மட்டும் போட்டு திறந்து கிடக்குற இடம்னா 316. ஊர்க்கடையில இல்லாட்டி படகு சாமான் விக்கிற கடையில கேளுங்க. இந்த ஸ்க்ரூ கொஞ்சம் மெத்து, துளை போடாம முறுக்குனா தலை தேயும், அதனால முன்னாடியே துளை போட்டு மரையில மெழுகு தடவி ஏத்துங்க. நட்டு போல்ட்டுக்கு கிரீஸ் கட்டாயம், இல்லேன்னா ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கிட்டு அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும்.

ஒவ்வொரு காலுக்கு அடியிலயும் ஒரு 12 மி.மீ. போல்ட், திருகுனா ஒயரம் ஏறி இறங்குற மாதிரி. வீட்டு சிமெண்ட் தரை எங்கேயும் மட்டமா இருக்காது, இந்த போல்ட்டு இல்லாம மட்டம் வரவே வராது. காலு தரையைத் தொடாம நிக்கிறதால கரையான் ஏறுனாலும் கண்ணுக்குத் தெரியும். சக்கரம் போடலாமான்னு கேட்டா, நான் போட்டுப் பார்த்துட்டேன், பிரேக்கு போட்டாலும் ஒரு ஆட்டம் இருக்கு. கழட்டிட்டேன்.

6. மேல்பலகை, மைக்கா, காடி

மைக்கா ரெண்டு பக்கமும் ஒட்டணும். மேல மட்டும் ஒட்டுனா அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடிக்கும், பலகை வில்லு மாதிரி வளையும். செலவு ரெட்டிப்பாகும்னு பயப்பட வேண்டாம், 42ம் 42ம் 84 இன்ச்தானே, ஒரே 96 இன்ச் ஷீட்டுல ரெண்டு பக்கமும் வந்துடும். பளபளன்னு இருக்குற கிளாஸ் மைக்கா எடுக்காதீங்க, சூட் ஃபினிஷ் எடுங்க, வெளிர் நிறத்துல. கீறல் தெரியாது, பென்சில்ல எழுதி அழிக்கலாம்.

ரப்பர் பசை, அதான் எஸ்.ஆர்., ரெண்டு முகத்துலயும் தடவி கைல ஒட்டாத பதம் வந்ததும் சேக்கணும். சேத்துட்டா நகத்த முடியாது, அதனால நடுவுல நாலஞ்சு ரீப்பர் வச்சு, ஒவ்வொண்ணா உருவிக்கிட்டே அமுக்குங்க. மழை ஈரத்துல இந்தப் பசைமேல வெள்ளையா மூட்டம் படியும், ஒட்டாது. வெயிலான காலைப்பொழுதுல பண்ணுங்க, ஜன்னலைத் திறந்து வச்சு, பக்கத்துல நெருப்பு எதுவும் இல்லாம.

அறுபட்ட நாலு ஓரத்துக்கும் பிரைமர் ரெண்டு கோட்டு. ஈரம் ஓரத்துலதான் நுழையும். மெஷின் பக்கத்து மேல் ஓரத்தை மூணு நூல் (ஒரு நூல்னா அரைக்கால் இன்ச்) அகலத்துக்கு சாய்ச்சு இழைச்சுடுங்க, நீளப் பலகையோட முனை லேசா தொங்கிக்கிட்டு வந்தாலும் முட்டாம ஏறிக்கும்.

அடுத்தது காடி. டேப்பை வச்சு அளந்து குறிக்காதீங்க, ஒரு மி.மீ. பிசகுனாலும், காடியில ஓடுற ஸ்லெட் (பலகையை மேல வச்சுத் தள்ளுற தட்டு) இறுகிப் போகும். மேசையை அதோட இடத்துல வச்சு, மட்டம் பிடிச்சு, மைட்டர் கேஜ் பட்டையை மெஷின் காடியில இருந்து நீட்டி மேசைமேல படுக்க வச்சு, அதோட ரெண்டு ஓரத்துலயும் கத்தி முனையால கோடு கீறுங்க. மெஷின் காடி சாதாரணமா 19 மி.மீ. இருக்கும், மேசையில நாலஞ்சு மி.மீ. கூட அகலமா எடுங்க, வழிகாட்டுற வேலை மெஷின் காடிக்குத்தான், மேசைக் காடிக்கு வழிவிடுற வேலை மட்டும்தான். ஆழம் 12 மி.மீ., ரவுட்டர்ல (பள்ளம் எடுக்குற மெஷின்) மூணு தடவையா. 18 மி.மீ. பலகையில 6தான் மிச்சம் இருக்கும், அதனால காடிக்கு அடியில ஒரு பட்டைக்கட்டையை ஒட்டி ஸ்க்ரூ போடுங்க. நீளம், ஸ்லெட்டை அறுப்பு முடியுற இடம் வரைக்கும் தள்ளிப் பார்த்து அதுக்கு மேல 2 இன்ச். எனக்கு 16 இன்ச் வந்துச்சு.

காடி முடியுற இடத்துல ஒரு இன்ச் ஓட்டை ஒண்ணு போட்டு விடுங்க, அடியில இருக்குற பட்டையையும் சேர்த்து. தூசி அதுல கீழ விழுந்துடும். இல்லாட்டி மூலையில தூசி கெட்டிச்சுப் போய் ஸ்லெட் பாதியிலேயே நிக்கும், நீங்க இன்னும் அறுபடலன்னு நினைச்சு அமுக்குவீங்க.

7. மட்டம் பிடிக்கிறது

மேசை மெஷினை விட அரை நூல் கீழ இருக்கணும், ஒண்ணரை மி.மீ.ன்னு வச்சுக்கோங்க. சரிமட்டமா வைக்கணும்னு ஆசைப்படாதீங்க, இம்மி மேல இருந்தாலும் பலகை முட்டி நிக்கும், முட்டுன பலகையை ஓடுற பிளேடு பக்கத்துல வச்சுக்கிட்டு என்ன பண்ணுறதுன்னு யோசிக்கிற நிலைமை வரக்கூடாது. ரொம்பவும் இறக்கிடாதீங்க, ஒரு நூலுக்கு மேல போனா பலகையோட வால் அறுப்பு முடியுற இடத்துல பிளேடுல தூக்கும்.

அலுமினியப் பட்டையை மெஷின்மேல வச்சு மேசைக்கு மேல நீட்டி, இடைவெளியில மைக்காத் துண்டை வச்சுப் பாருங்க. ஒரு துண்டு லூசாப் போகணும், ரெண்டு சேர்த்தா போகக் கூடாது. நாலு மூலை, நடு, எல்லா இடத்துலயும். ரசமட்டம் இதுக்கு வேண்டாம், பூமிக்கு மட்டமா இருக்குறது நமக்கு முக்கியமில்ல, மெஷினுக்கு மட்டமா இருக்கணும்.

கடைசியா மெழுகு. கடையில பேஸ்ட் மெழுகு கிடைக்கலேன்னா வெள்ளை மெழுகுவத்தியைத் தேய்ச்சு துணியால துடைங்க, நல்லாவே வழுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானா பிசுபிசுத்து மணலைப் பிடிச்சுக்கும். சிலிக்கான் ஸ்ப்ரேயும் வேண்டாம், அது மரத்துல ஒட்டிக்கிட்டா பின்னாடி வார்னிஷ் நிக்காது.

8. எனக்கு ஆன செலவு

மரைன் பிளை 4,100. மைக்கா 1,350. வேம்பு 2,475. ஸ்க்ரூ, நட்டு போல்ட் 640. கால் போல்ட் 320. பசை ரெண்டு வகை 580. உப்புத்தாள், பிரைமர், மெழுகு 400. ரவுட்டர் பிட்டு 450. ஷீட் அறுத்த கூலி 200. ராமநாதபுரத்துல இருந்து குட்டி யானை வாடகை 900. மொத்தம் 11,415 ரூபாய். எல்லாம் நான் குடுத்த விலை, உங்க கடையில கேட்டுக்கோங்க. பிளையும் மரமும் ஒரே நாள்ல எடுத்தா வண்டி ஒரு நடையோட முடியும், நான் ரெண்டு கடைக்கும் முதல் நாளே போன் பண்ணி எடுத்து வைக்கச் சொல்லிட்டுப் போனேன்.

9. போட்டு முடிச்ச பிறகு

முதல் அறுப்புக்கு முன்னாடி மெஷினை ஆஃப் பண்ணி, பிளேடை முழுசா கீழ இறக்கிட்டு, ஒரு எட்டடிப் பலகையை சும்மா தள்ளிப் பாருங்க. முட்டுதா, தூக்குதா, ஸ்லெட் காடியில உரசுதா, எல்லாம் அப்பவே தெரியும். பிளேடை 45 டிகிரிக்கு சாய்ச்சும் ஒருதடவை பாருங்க, தூசி ஹோஸ் எங்கேயாவது இடிக்கலாம்.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மேசையை ஈரமில்லாத துணியால துடைக்கிறதை பழக்கமாக்கிக்கோங்க, ராத்திரி அடிச்ச காத்துல மணல் படிஞ்சிருக்கும், அதுமேல பலகையைத் தள்ளுனா மைக்காவும் கீறும், பலகையும் கீறும்.

முதல் வாடைமழை நின்னு ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் அலுமினியப் பட்டையை எடுங்க. என் மேசையில வலதுபக்க பின்மூலை கிட்டத்தட்ட ஒரு மி.மீ. ஏறியிருந்துச்சு. ஸ்பேனரை எடுத்து அந்தக் காலு போல்ட்டை அரைச் சுத்துக்கும் கொஞ்சம் கூட உள்ள திருகுனேன், சரியாயிடுச்சு.